சனம் இல்லாத நேரத்துக் கீபோர்ட்

நடுவே பிளந்து, இரு பாதியும் கூரைபோல் இருபுறம் சரிந்த கறுப்புக் கீபோர்ட் அது. கல்முனையில் நான் போட்டோக்கொப்பி எடுத்துக்கொடுக்கும் வேலை செய்யும் கடையில் கடிதங்கள் தட்டச்சு செய்த தங்கச்சிக்கு, அவருடைய தம்பி கட்டாரிலிருந்து அனுப்பியிருந்தார். தங்கச்சி என் கூடப்பிறந்தவர் இல்லை, நான் அப்படி அழைப்பேன், அவர் என்னை அண்ணன் முறையில் நானா என்பார். நாள் முழுக்க விண்ணப்பமும் முறைப்பாடும் அடித்து அவருடைய மணிக்கட்டுகள் வீங்கியிருந்தன. நேரான கீபோர்டில் கையை முறுக்கி வைத்து இப்படியே அடித்தால் விரல்கள் மரத்துப்போகும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். புதியது வந்த முதல் வாரம், முன்பு இரு கையாலும் பிடித்த தேத்தண்ணிக் கோப்பையை ஒரு கையால் தூக்கிக் காட்டிச் சிரித்தார்.

வயற்காணி விடயமாகக் கடிதம் அடிக்க வந்த பெரியவர் ஒருவர் எட்டிப் பார்த்தார்.

"என்ன மகள், இது ரெண்டா உடைஞ்சி கிடக்கு?"

"இது உடையல்ல மாமா. உடைஞ்சது என்ட கைதான்."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். முதலாளி சிரிக்கவில்லை. அவர்கள் போனதும், "கை ஏலாத பொம்புளய வெச்சி வேல வாங்கிறான் எண்டு ஊர் கதைக்கணுமா? சனம் இல்லாத நேரம் அதுல அடி" என்றார்.

சனம் இல்லாத நேரத்தில் அடிக்க என்ன இருக்கிறது? இதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்றவன். நாலு பேர் முன் கதைக்கக் கூசுபவன். வாசலில் ஆள் தெரிந்ததும் முதலாளி கண்ணைக் காட்டுவார். நான் புதியதன் வயரைக் கழற்றிப் பழையதைச் செருகுவேன். முதலாளியே தடித்த கண்ணாடி போட்டுத்தான் பேப்பர் வாசித்தார். அதை ஒளிக்கச் சொல்லி அவரிடம் யாரும் சொல்லவில்லை. பார்வை குறைந்தால் கண்ணாடி, கை நொந்தால் மட்டும் வெட்கமா?

மாதக்கணக்கில் இப்படியே போனது. ஒருநாள் கடை நிறையச் சனம். வயருக்காகக் குனிந்தேன்.

"நானா, அதுல கை வெக்காதீங்க." தங்கச்சி சத்தம் போடவில்லை. கண்கள் கலங்கியிருந்தன.

முதலாளியைப் பார்த்தேன். பிறகு கழற்றினேன்.

கீபோர்டைப் பையில் போட்டுக்கொண்டு அவர் படியிறங்கினார். வரிசையிலிருந்து ஒருவர், "அப்ப எங்கட கடிதம்?" என்றார்.

இப்போது தங்கச்சி மருதமுனையில் வீட்டோடு இருக்கிறார். அங்கே எதையும் ஒளிக்கத் தேவையில்லை. ஆனால் விரல்களில் உணர்வு போய்விட்டது. மகனின் சட்டைப் பொத்தானைத் தங்கச்சியைப் பெற்ற உம்மாதான் பூட்டிவிடுகிறார். முதலாளி மேல் எனக்கு ஆத்திரம் ஆறவே இல்லை. ஆனாலும் அந்தக் கடையிலேதான் வேலை செய்கிறேன். வயரைக் கழற்றிய என் கைக்கு ஒரு நோவும் இல்லை.