ஹிஸ்கியாவின் பேர்ப் பெருமை

ஜெருசலேமில் அந்தச் சந்துக்குள் யார் புதிதாக வந்தாலும், ஹிஸ்கியா முதலில் தன் பெயரைத்தான் பரிமாறுவார். காபி பிறகு வரும். அதையும் மனைவி பத்யாதான் கொண்டுவர வேண்டும்.

“என் பேருக்கு அர்த்தம் தெரியுமாய்யா? ‘ஆண்டவனே என் பலம்’! இதே ஊர்ல ராஜாவா இருந்தவர் பேரு. சாகக் கிடந்தவர் சுவத்துப் பக்கம் திரும்பி அழுதாரு. பதினஞ்சு வருஷம் ஆயுசைக் கூட்டிக் குடுத்துட்டான் ஆண்டவன்!”

நம்மாளின் பலம் ஆண்டவனிடமே பத்திரமாக இருந்தது போலும். கேஸ் சிலிண்டரை மாடிக்கு ஏற்றியது பத்யா. சந்தையிலிருந்து மூட்டை தூக்கியது பத்யா. வெள்ளிதோறும் கூப்பே என்னும் கறி உருண்டை பிடித்துச் சூப்பு வைத்து, உப்பை அவர் கைக்கு நகர்த்தி வைப்பதும் அவள்தான். ஆனால் ராஜாவுக்கு ஒரு தும்மல் வந்துவிட்டால் ஜெபக்கூடமே திரண்டு வேண்ட வேண்டும். நோயாளிக்கு வேண்டும்போது தாய் பெயரைச் சேர்த்துச் சொல்வது முறையல்லவா? அவரே எழுந்து, “ஹிஸ்கியா, ராகேலின் மகன்!” என்று கணீரென்று சொல்வார்.

இந்த லட்சணத்தில் பத்யாவுக்கு மாரடைப்பு வந்தது. ஞாயிறு காலை ஆபரேஷன். பிழைப்பது கஷ்டம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மனுஷன் ஆடிப்போனார். சனிக்கிழமை ஜெபக்கூடத்தில் வேதச் சுருளை விரித்ததும், அவளுக்காக வேண்டச் சொல்ல முதல் ஆளாக மேடைக்கு ஓடினார்.

கூடத்தை நடத்தும் சாத்யா கேட்டார்: “பேரு?”

“பத்யா.”

“யாரோட மக?”

ஹிஸ்கியா வாயைத் திறந்தார். “அந்த...” என்று இழுத்தார். மாமியார் இருந்தவரை ‘கிழவி’, போன பிறகு ‘அந்தக் கிழவி’. அதற்கு மேல் அவளுக்கு ஒரு பெயர் இருக்கும் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை.

“என்னண்ணே, ராஜா கதையெல்லாம் ஒப்பிப்பீங்க. மாமியா பேரு தெரியாதா?”

பின்வரிசையில் எவனோ கிளுக்கென்று சிரித்தான்.

“அவ பொழைக்கணும் சாத்யா. எப்படியாச்சும் சொல்லிடேன்,” என்று கெஞ்சினார். நிஜமாகவே குரல் உடைந்துவிட்டது.

மாடியில் பெண்கள் பகுதித் திரையை விலக்கி, அவருடைய இளைய மகள் குனிந்து கத்தினாள்: “என் பேரச் சொல்லுங்கப்பா!”

“உன் பேரா? பெத்தவளுக்கு நீ எப்படிடீ அம்மா ஆவ?”

“பாட்டி பேரத்தானே அம்மா எனக்கு வச்சாங்க! ‘பொட்டப் புள்ளதானே, எதையாவது வச்சுத் தொலை’ன்னீங்களாமே. பொறந்ததிலேர்ந்து அந்தப் பேரச் சொல்லித்தான் என்கிட்ட தண்ணி கேக்குறீங்க!”

சாத்யா சுருள் பக்கம் திரும்பினார்.

“பத்யா, சிம்ஹாவின் மகள்,” என்றார் சாத்யா. கூட்டம் ஆமென் சொன்னது. ஹிஸ்கியா சொல்ல வாயெடுத்து, அழுதுவிட்டார்.