தாத்யா ஊருக்குச் சொன்ன கணக்கு

கோரேவாடியில் தாமோதர் போரஸ்தேயைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆளில்லை. எல்லோருக்கும் அவர் தாத்யா. ஐம்பத்தேழு வயது. நான்கு ஏக்கர் திராட்சை, நாசிக்கில் சம்பளத்துக்குப் போகும் ஒரு மகன், வீட்டில் மனைவி ஹிரா. படிப்பு பத்தாவதோடு நின்றுபோனது. ஆனாலும் நிஃபாட் தாலுகாவிலேயே தன்னைப்போல் கணக்குப் பார்த்து விவசாயம் செய்கிறவன் இல்லை என்று அவருக்கு ஒரு நினைப்பு. அந்த நினைப்பை வளர்த்துவிட்டது ஊர்தான். எந்த மருந்து அடிப்பது, எந்த வியாபாரிக்குக் காய் கொடுத்தால் பணம் ஒழுங்காக வரும், கவாத்து என்றைக்கு என்று எதற்கும் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வார்கள். "தாத்யா சொல்லிட்டாரு" என்றால் அதற்கு மேல் பேச்சு கிடையாது.

அந்த வருஷம் அக்டோபர் கவாத்து முடிந்த வாரம் சொசைட்டிக் கூடத்தில் கூட்டம் போட்டார்கள். பயிர்க் காப்பீட்டுக்குப் பணம் கட்டக் கடைசித் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து வந்த இளைஞன் ஒரு நோட்டீஸை வைத்துக்கொண்டு படித்துக் காட்டினான். மழைமானி காட்டும் அளவை வைத்துப் பருவம் தப்பிய மழைக்கு இவ்வளவு கிடைக்கும், குளிருக்கு இவ்வளவு, ஆலங்கட்டிக்குத் தனியாக இன்னும் கொஞ்சம் கட்ட வேண்டும் என்றான். கேட்டவர்கள் எல்லோரும் அவனைப் பார்க்கவில்லை, தாத்யாவைப் பார்த்தார்கள்.

தாத்யா எழுந்தார்.

"தம்பி, உங்க மழைமானி எங்க இருக்கு?"

"மண்டல ஆபீஸ்ல, தாத்யா."

"அது பதினோரு கிலோமீட்டர். என் தோட்டத்துல மழை கொட்டும், உன் மழைமானி காஞ்சு கிடக்கும். அப்ப நான் காப்பீடு எடுத்தது என் கொடிக்கா, உன் மெஷினுக்கா?"

கூடம் சிரித்தது. பூச்சிமருந்துக்கடை சாஹேப்ராவ் தொடையைத் தட்டிக்கொண்டு, "கேளுங்க, இன்னும் கேளுங்க" என்றான். தாத்யாவுக்கு உற்சாகம் ஏறிவிட்டது. ஒன்பது வருஷம் தான் கட்டியதையும், இரண்டே தடவை திரும்பி வந்ததையும் வருஷம் வாரியாகச் சொன்னார். கூட்டிக் கழித்தால் கட்டியதில் பாதிகூடக் கைக்கு வரவில்லை. "இந்தப் பணத்துக்கு நல்ல மருந்து வாங்கி நாலு தடவை கூட அடிங்க. கொடியாவது பிழைக்கும்" என்று முடித்தார்.

கூட்டம் கலைந்தபோது வத்சலா கங்குர்டே அவரிடம் வந்தாள். தாத்யாவின் தோட்டத்துக்கு அடுத்தது அவளுடைய ஒன்றரை ஏக்கர். புருஷன் வெங்காய லாரி ஓட்டுகிறவன், மாதத்தில் இருபது நாள் வெளியூர். புதுக்கொடி வைத்து இரண்டு வருஷம் தண்ணீர் ஊற்றி வளர்த்து, அந்த வருஷம்தான் முதல் காய்ப்பு. நிலப் பத்திர நகல், ஆதார், பாஸ்புக் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கையில் வைத்திருந்தாள்.

"தாத்யா, நான் கட்டலாம்னு வந்தேன். என்ன செய்யட்டும்?"

"அதான் கேட்டியே தாயி. தண்டச் செலவு."

"ஆலங்கட்டிக்கு மட்டுமாவது?"

"நம்ம ஊருக்கு ஆலங்கட்டி வந்து எத்தனை வருஷமாச்சு? வானத்துக்குப் பயந்தா விவசாயம் பண்ண முடியுமா?"

அவள் உறையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போனாள். நாற்பது பேர் திராட்சை போட்டிருந்த ஊரில் அந்த வருஷம் கட்டியவர்கள் ஐந்தே பேர். ஐந்தாவது ஆள் தாத்யா.

அது நடந்தது இப்படி. பயிர்க்கடன் வாங்கியிருப்பவர்களுக்கு, வேண்டாம் என்று எழுதிக் கொடுக்காவிட்டால் வங்கியே காப்பீட்டுக்குப் பிடித்துக்கொள்ளும். எழுதிக் கொடுக்கத்தான் தாத்யா போனார். குமாஸ்தா பெண்ட்சே தாளை நீட்டினான். பேனாவைத் திறந்த பிறகு கை ஓடவில்லை. கொடியெல்லாம் துளிர் விட்டிருந்தது. ஒன்பது வருஷத்தின் கணக்கு விரல் நுனியில் இருந்தது. பத்தாவது வருஷம் அதில் இல்லையே என்று அப்போதுதான் தோன்றியது. பேனாவை மூடினார்.

"என்ன தாத்யா, வேணாமா?"

"பிடிக்கிறதைப் பிடிச்சுக்கோ. ஆலங்கட்டிக்கும் சேர்த்துப் போட்டுரு." எழுந்து போகும்போது குரலைத் தாழ்த்தினார். "ஊர்ல சொல்லிக்க வேணாம்."

பெண்ட்சே சிரித்தான். அந்தச் சிரிப்பு வெகு நாள் அவர் கண்ணுக்குள் இருந்தது. ஹிராவிடம்கூட அவர் சொல்லவில்லை. ஊருக்குத் திரும்பி, இன்னும் நாலு நாள் தேதி இருக்கும்போதே, வத்சலாவை வரப்பில் பார்த்தார். சொல்லியிருக்கலாம். 'நான் மனசு மாறிட்டேன், நீயும் போய்க் கட்டு' என்று சொல்ல ஒரு நிமிஷம் ஆகாது. சொன்னால், கூடத்தில் சிரித்த நாற்பது பேரும் இப்போது தன்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். "முளைப்பு நல்லா வந்திருக்கே தாயி" என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தார்.

மார்ச் முதல் வாரம், மத்தியானம் மூன்று மணிக்கு ஆலங்கட்டி விழுந்தது. இருபது நிமிஷம்தான். தாத்யாவின் தோட்டத்தில் பாதிக்கு மேல் போனது. பந்தலில் தொங்கிய கொத்துகளில் ஒவ்வொரு மணியும் வெடித்துச் சாறு ஒழுகியது. வத்சலாவின் ஒன்றரை ஏக்கரில் மிஞ்சியது என்று சொல்ல எதுவுமில்லை. வியாபாரி ஐந்து நாளில் வெட்ட வருவதாக இருந்தது. அவள் கொடிக்கு அடியில், உருகாத கட்டிகளுக்கு நடுவே, சேலை நனைய உட்கார்ந்திருந்தாள். தாத்யா வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தார். ஆறுதல் சொல்லப் போகாமல் வீட்டுக்குத் திரும்பிவிட்டார்.

ஆலங்கட்டிச் சேதத்தை மூன்று நாளுக்குள் கம்பெனிக்குப் போன் செய்து சொல்ல வேண்டும். சொன்னால் அதிகாரி நேரில் வருவார், ஊருக்குத் தெரியும். சொல்லாவிட்டால் பணம் போகும். இரண்டு நாள் தாத்யா சாப்பிட உட்காருவதும் பாக்ரி ரொட்டியைப் பிட்டு அப்படியே வைத்துவிட்டு எழுவதுமாக இருந்தார். மூன்றாம் நாள் காலை ஹிராவிடம் சொல்லிவிட்டார்.

அவள் முதலில், "அடக் கடவுளே, அப்ப போனைப் போடுங்க, என்ன பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கீங்க?" என்றாள். அவர் போனை எடுக்கும்போது அவளுக்கு மெல்ல உறைத்தது. "இருங்க. கூட்டத்துல கட்டாதீங்கன்னு பேசினது நீங்கதானே?"

"ஆமா."

"வத்சலா வந்து கேட்டாளே, அவகிட்டயும் அதையேதான் சொன்னீங்க?"

அவர் போனில் நம்பரைத் தேடினார்.

"ஊரையெல்லாம் நனைய விட்டுட்டு நீங்க மட்டும் குடை பிடிச்சீங்களா? பிடிச்சதுதான் பிடிச்சீங்க, அதை ஒளிச்சு வேற வச்சீங்களா?"

போன் செய்தார். அதிகாரி வரும் நாளில், தார்ச்சாலையிலேயே காத்திருந்து, ஊருக்குள் போகாமல் வாய்க்கால் ஓரமாக அழைத்து வந்தார். ஜால்னா பக்கத்துப் பையன். கொத்துகளை எண்ணி, படம் எடுத்து, தாளில் குறித்துக்கொண்டான். எல்லாம் முடிந்தது என்று தாத்யா மூச்சு விடும்போது அவன் சொன்னான்:

"பக்கத்து நிலத்துக்காரர் ஒருத்தர் சாட்சிக் கையெழுத்துப் போடணும், காகா."

கிழக்கே கால்வாய், மேற்கே சாலை, தெற்கே அவர் தம்பியின் தரிசு, தம்பி பூனாவில். வடக்கே வத்சலா. அவள் உடைந்த கொத்துகளை வெட்டி பிளாஸ்டிக் கிரேட்டில் போட்டுக்கொண்டிருந்தாள். உலர்திராட்சைக்கு எடுக்கிறவன் கிலோ மூன்று ரூபாய் சொல்லியிருந்தான். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"என்ன தாளு தாத்யா? நிவாரணமா? என் பேரும் எழுதுவாங்களா?"

ஆமாம் என்று சொல்லிவிடலாம் போலிருந்தது. அதற்குள் பையன் சொன்னான்: "இல்ல தாயி, காப்பீடு. காகா ஆலங்கட்டிக்கும் சேர்த்துக் கட்டியிருக்காரு. நீங்க கட்டலையா?"

வத்சலா தாத்யாவைப் பார்த்தாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். தாளை வாங்கி, கிரேட்டின் மேல் வைத்து, எழுத்து எழுத்தாகக் கையெழுத்துப் போட்டாள். திராட்சைச் சாறு பட்டு ஓரம் ஒட்டிக்கொண்டது.

"கணக்கு எங்களுக்கு வேற, உங்களுக்கு வேறயா தாத்யா?"

அவ்வளவுதான் கேட்டாள். பதிலுக்குக் காத்திருக்காமல் கத்தரியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

சாயங்காலத்துக்குள் ஊருக்குத் தெரிந்துவிட்டது. அவர் டீக்கடைக்குப் போனார். சாஹேப்ராவ், தான் தொடை தட்டியதை மறந்துபோய், "எங்க குடும்பத்தையெல்லாம் கெடுத்துட்டியே பெரிய மனுஷா" என்று கத்தினான். தாத்யா டீ வாங்காமல் திரும்பினார். யாரும் கூப்பிடவில்லை.

கணபதி விழா முடிந்த வாரம் பணம் வந்தது. எதிர்பார்த்ததில் பாதிதான். அதில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டு வத்சலா வீட்டுக்குப் போனார். அவள் அப்போது பிம்பள்காவில் ஒரு பேக்கிங் கூடத்தில் தக்காளி தரம் பிரிக்கப் போய்க்கொண்டிருந்தாள். புருஷன் லாரியோடு கூடுதல் நடை ஓடிக்கொண்டிருந்தான். கவரைப் பார்த்ததும் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"நான் உங்ககிட்ட காசா கேட்டேன்? யோசனைதானே கேட்டேன்."

"தப்புத்தான் தாயி."

"அதை என்கிட்ட ஏன் சொல்றீங்க, வாசல்ல நின்னு? எங்க வச்சு சொன்னீங்களோ அங்க போய்ச் சொல்லுங்க."

அக்டோபரில் மறுபடி கூட்டம். தாத்யா எழுந்தபோது யாரும் சிரிக்கவில்லை.

"போன வருஷம் இங்க நான் சொன்ன கணக்கு தப்பில்ல. பல வருஷத்தைக் கூட்டிப் பார்த்தா கட்டறது நஷ்டம்தான். மழைமானி தூரம், அதுவும் நிஜம். ஆனா ஒரு வருஷம் முழுசாப் போனாலும் எந்திரிச்சு நிக்க முடியறவனுக்குத்தான் அந்தக் கணக்கு. மகன் சம்பளம் வருது எனக்கு. கட்டாம விட்டிருக்க வேண்டியவன் நான்தான். நான் கட்டினேன். கட்டினதைச் சொல்லல. கௌரவம் போயிடும்னு சொல்லல."

பின்வரிசையிலிருந்து யாரோ, "இதுக்குள்ளயும் எதையாவது ஒளிச்சு வச்சிருக்கீங்களா தாத்யா?" என்றார்கள். இரண்டு பேர் எழுந்து வெளியே போனார்கள். தாத்யா உட்கார்ந்தார். சொன்னால் பாரம் குறையும் என்று நினைத்திருந்தார். குறையவில்லை.

அந்த வருஷம் பாதி ஊர் காப்பீடு கட்டியது, வத்சலாவும் கட்டினாள். ஆலங்கட்டி வரவில்லை. காய் நன்றாக விளைந்து நல்ல விலைக்குப் போனது. கட்டிய பணம் கட்டியதோடு போனது. ஏப்ரலில் ஒரு நாள் வத்சலா, தோட்டத்தில் மிஞ்சிய நல்ல கொத்துகளாகப் பார்த்து ஒரு கூடை எடுத்துக்கொண்டு ஹிராவிடம் வந்தாள். தாத்யா உள்ளறையில் இருந்தார்.

"கட்டின காசு போச்சேன்னு இருக்காடி உனக்கு?" என்று ஹிரா கேட்டாள்.

"போனா போகட்டும் காகூ. ரெண்டு தடவை மேகம் கறுத்துக்கிட்டு வந்துச்சு. ரெண்டு தடவையும் வீட்டுல இருந்து சமைச்சேன். முந்தின வருஷம்னா வரப்புல போய் நின்னிருப்பேன்."

அந்தக் கணக்கு தாத்யா எந்த வருஷமும் எழுதியதில்லை. வெளியே போய் அவளிடம் ஏதாவது பேச வேண்டும் போலிருந்தது. ஹிரா, "டீ ஆறுது, வாங்களேன்" என்று குரல் கொடுத்தாள். வருகிறேன் என்றவர், வாசலில் வத்சலாவின் செருப்புச் சத்தம் கேட்டு அடங்கும் வரை கதவுக்குப் பின்னாலேயே நின்றிருந்தார்.