நீலம் போன ஹொஸ்ரா

புலம்பெயர்ந்து வந்து, 1986இல் மில்லிக்கன் என்ற புறநகரில் வீடு வாங்கிய கோடையில், அடுத்த வீட்டு அம்மையார், ஓய்வுபெற்ற ஆசிரியை, வேலிக்கு மேலால் ஒரு சிறிய பூச்சட்டியை நீட்டினார். உள்ளே ஹொஸ்ரா என்ற நிழற்செடி. உள்ளங்கை அளவுகூட இல்லாத ஏழு இலைகள். பச்சையும் நீலமும் கலந்த, சாம்பல் பூத்த நிறம். எங்கள் மேப்பிள் மரத்தின் கீழே புல்லும் முளைக்காத இடத்துக்கு அது பொருந்தும் என்றார். ஆவணி முடிவில் வந்து பார்ப்பாராம். நன்றாக இருந்தால் தன்னுடைய பெரிய நீல ஹொஸ்ராவில் ஒரு பங்கு பிரித்துத் தருவாராம். அந்தப் பெரியதில் எனக்கு ஏற்கெனவே ஒரு கண்.

இலைகளின் தொகை, அடிமட்டத்தால் அளந்த நீளம், நத்தை உண்டா இல்லையா என்று தினமும் நாட்குறிப்பில் எழுதினேன். வேலைக்குப் புறப்படுமுன் ஒவ்வோர் இலைக்கும் தண்ணீர் தெளித்து, பழைய வேட்டித் துண்டால் இருபுறமும் துடைத்து, அன்றைய குறிப்புக்குப் பக்கத்தில் ஒரு சரி அடையாளம் போட்டேன். வாழையிலையில் சோறு போடுமுன் அப்படித்தானே செய்கிறோம்.

"இண்டைக்கு அதிலை எத்தினை பேருக்குப் பந்தி?" என்று மனைவி ஜன்னலால் கேட்பாள். நான் எண்ணிக்கொண்டே இருப்பேன், பேசினால் எண்ணிக்கை பிசகிவிடும்.

ஆடி நடுவில் குறிப்பு: "நீலம் குறைவு." தெருத் தூசிதான் காரணம் என்று முடிவுசெய்து இன்னும் அழுத்தித் துடைக்கத் தொடங்கினேன். இரண்டு வாரம் கழித்து: "நீலம் இல்லை. கீரை நிறம்."

அம்மையார் வருவதாகச் சொன்ன சனிக்கிழமை காலை, வேறு வழி தெரியாமல் திருநீற்றைத் தண்ணீரில் குழைத்து இலைகளில் மெல்லியதாகப் பூசினேன். நிறம் ஏறக்குறைய வந்துவிட்டது.

மனைவி வந்து பார்த்தாள். "உதுக்கு ஒரு சந்தனப் பொட்டும் வையுங்கோவன். பிறகு கோயிலுக்கே கூட்டிக்கொண்டு போகலாம்."

அம்மையார் குனிந்து ஓர் இலையைத் தடவினார். விரல் வெள்ளையானது. விரலைப் பார்த்தார், பிறகு என் நெற்றியைப் பார்த்தார். நான் நாட்குறிப்பை எடுத்து வந்தேன். தமிழ் தெரியாவிட்டாலும் சரி அடையாளங்களை ஒவ்வொன்றாக எண்ணினார். எழுபத்தொன்று. இலையின் நீலம் அதன் மேலுள்ள மெழுகுப் படலம் என்றும், அதை நான் எழுபத்தொரு தடவை பாடுபட்டுக் கழற்றியிருக்கிறேன் என்றும் பொறுமையாக விளக்கினார். வசந்தத்தில் புதிய இலைகள் நீலமாகவே வரும். நாட்குறிப்பில் ஒரு சரி அடையாளமும் இல்லாவிட்டால் பங்கு அப்போது கிடைக்கும்.

அடுத்த வைகாசியில் பதினொரு இலைகள் நீலமாக விரிந்தன. அம்மையார் நாட்குறிப்பை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிப் பார்த்துவிட்டு மண்வெட்டியை எடுத்து வந்தார். அடையாளம் ஒன்றுகூட இல்லை. வேட்டித் துண்டை மனைவி எங்கே ஒளித்தாள் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.