புறாத்தீவின் பின்பக்கம்

கொரோனா ஓய்ந்து, அதற்குப் பிறகு வந்த பெற்றோல் வரிசைகளும் ஓய்ந்து, நிலாவெளிக் கடற்கரைக்குச் சனம் மறுபடி வரத் தொடங்கிய முதல் ஆடி மாதத்தில் இது நடந்தது.

அந்தக் கரையில் நான் பதினொரு வருடம் படகு ஓட்டியவன். வருகிறவர்களை ஏற்றிப்போய்ப் புறாத்தீவில் இறக்குவது, அவர்கள் பவளப்பாறையும் மீன்களும் பார்த்து முடிந்ததும் திரும்ப ஏற்றிவந்து கரையில் விடுவது. அவ்வளவுதான் வேலை. கரையில் நின்று பார்த்தால் தீவு கைக்கெட்டும் தூரத்தில் தெரியும். பதினைந்து நிமிடம்கூட எடுக்காது.

எங்கள் பக்கத்தில் சீசன் சித்திரையில் தொடங்கிப் புரட்டாதியில் முடிந்துவிடும். அந்த ஆறு மாத உழைப்பில்தான் மழைக்காலத்திலும் அடுப்பு எரியும். முதலில் ஈஸ்டர் குண்டுவெடிப்போடு ஒரு சீசன் போனது. கொரோனா இரண்டு சீசனைக் கொண்டுபோனது. நாலாவது வருடம் வருவதற்கு ஆட்கள் இருந்தார்கள், படகுக்கு ஊற்றத்தான் எண்ணெய் இல்லை. திருகோணமலை பஸ் நிலையத்துக்கு முன்னால் ஆட்டோக்காரர்கள் வண்டிக்குள்ளேயே படுத்துத் தூங்குவார்கள். உப்புவெளியில் அறை வாடகைக்கு விட்டவர்கள் கட்டில்களைக் கழற்றி விற்றார்கள். என் படகு நாலு வருடமும் தென்னைமரத்துக்குக் கீழே குப்புறக் கிடந்தது. நல்ல எஞ்சினை விற்றுவிட்டு, பாலையூற்றில் வீடு கட்டுகிற இடத்தில் கல் சுமந்தேன். அந்தக் காலத்தில் ஒருநாளும் நான் யாரிடமும் ஒன்றும் கேட்டதில்லை என்பதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது.

அந்த வருடம் முதுகுப் பையோடு வெள்ளைக்காரர்கள் நாலு பேர் கரையில் இறங்கியதைப் பார்த்தபோது எங்களுக்குப் பைத்தியம் பிடிக்காத குறை. எல்லோரும் படகை நிமிர்த்தினோம். என் படகின் அடியில் வெடிப்பு இருந்தது. அதன்மேல் பைபர் ஒட்டுப் போட்டேன். பழுதாகிப்போன இரண்டு எஞ்சின்களைக் கழற்றி ஒன்றாகப் பூட்டினோம். லைஃப் ஜாக்கெட்டுகள் கூரைக்குக் கீழே சாக்கில் கட்டித் தொங்கின. இறக்கி உதறினால் எலிப்புழுக்கை கொட்டியது. பட்டியைப் பிடித்து இழுத்தால் நூல் நூலாக வந்தது. பூட்டுகிற பிளாஸ்டிக் கொக்கிகள் பிஸ்கட் மாதிரி விரலுக்குள் நொறுங்கின.

மனைவி பார்த்துக்கொண்டு நின்றாள்.

“என்னப்பா, இதுகளைப் போட்டுக்கொண்டே ஆக்களை ஏத்தப் போறீங்கள்?”

“புறாத்தீவு என்ன லண்டனே? நீந்தியே போகலாம்.”

கொக்கிகளுக்குப் பதிலாக நைலோன் கயிறு கட்டினேன். கயிறு போதவில்லை. நங்கூரக் கயிற்றில் பாதிக்கு மேல் வெட்டி எடுத்தேன். தீவைச் சுற்றி ஆழம் குறைவுதானே, மிச்சம் போதும் என்று நினைத்தேன்.

அந்த நாள் காலையில் ஒரு வெளிநாட்டுச் சோடியை ஏற்றிப்போய்த் திரும்பினேன். பதினொரு மணியாகியிருக்கும். கரையில் ஒரு குடும்பம் நின்றது. கணவன் மலையகத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியர். மனைவி, எட்டு வயது மகள். மூன்று பேருமே அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கடலைப் பார்க்கிறார்கள். பிள்ளை அலைக்கு ஓடுவதும் திரும்புவதுமாக இருந்தது.

ஆடி மாதத்தில் மத்தியானமானால் எங்கள் பக்கம் கச்சான் காற்று எடுக்கும். அது தரையிலிருந்து கடலை நோக்கி வீசுகிற காற்று. கரைக்குப் பக்கத்தில் தண்ணீர் தகடு மாதிரித்தான் கிடக்கும், புதிதாக வந்தவர்களுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் எஞ்சின் நின்றால் அந்தக் காற்று படகை நேரே ஆழ்கடலுக்குத் தள்ளிக்கொண்டு போய்விடும். பதினொரு மணிக்குப் பிறகு ஆள் ஏற்றக்கூடாது என்பது எனக்குத் தெரியும். அன்று இரண்டாவது பயணமும் வேண்டுமென்று இருந்தது எனக்கு. ஏற்றினேன்.

மகளுக்கு ஜாக்கெட்டைக் கட்டிவிட்ட அந்த ஆசிரியர் நைலோன் முடிச்சைத் தொட்டுப் பார்த்தார்.

“அண்ணே, இது தாங்குமாண்ணே?”

“ஒண்டுக்கும் யோசிக்காதைங்கோ. இது சும்மா சட்டத்துக்காகப் போடுறது.”

அப்படித்தான் சொன்னேன். அந்த வசனத்தை நான் மறைக்க விரும்பவில்லை.

தீவில் பிள்ளை தண்ணீரை விட்டு வரவே மாட்டேன் என்றது. தாய் பாதம்கூட நனைக்காமல் மரநிழலில் இருந்தாள். பன்னிரண்டு மணி கழிந்ததும் காற்று இரைய ஆரம்பித்தது. காவலுக்கு நிற்பவர் எல்லாப் படகையும் கிளம்பச் சொன்னார். மற்றப் படகுகள் நேரே கரைக்குத் திரும்பின. நான் மட்டும், “பின்பக்கம் ஆமை தெரியும், ஒரு சுத்துச் சுத்திக் காட்டுறன்” என்றேன். அவர்கள் கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன். இவர்கள் ஊருக்குப் போய் நாலு பேரிடம் சொல்வார்கள், அந்த நாலு பேரும் அடுத்த மாதம் வருவார்கள் என்று மனம் கணக்குப் போட்டது.

தீவின் பின்பக்கம் போனால் கரை தெரியாது. கரையில் இருப்பவர்களுக்கும் நாம் தெரியமாட்டோம். அங்கே எஞ்சின் இரண்டு தரம் இருமிவிட்டு நின்றது.

இழுத்தேன். இழுத்து இழுத்துக் கை தோல் உரிந்தது. எஞ்சின் மூச்சுக்கூட விடவில்லை. நிமிர்ந்து பார்த்தால் தீவின் பாறைகள் முன்பிருந்த இடத்தில் இல்லை, பின்னுக்குப் போயிருந்தன. நங்கூரத்தை எறிந்தேன். கயிறு ஓடி முடிந்து, நங்கூரம் நிலத்தைத் தொடாமல் தண்ணீரில் தொங்கியது. பாதிக் கயிறு அவர்கள் மூன்று பேரின் நெஞ்சில் முடிச்சாக இருந்தது.

அலை உயர உயர ஒட்டுப் போட்ட இடம் வாய் திறந்தது. கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் வந்துவிட்டது. தண்ணீர் இறைக்க வெட்டிவைத்திருந்த பிளாஸ்டிக் கானை ஆசிரியரிடம் கொடுத்தேன். அவர் ஒரு கேள்வியும் கேட்காமல் அள்ளி ஊற்றத் தொடங்கினார். கைத்தொலைபேசியில் சிக்னல் இல்லை. பிள்ளைக்கு வாந்தி. படகின் விளிம்பில் குனிந்து சத்தி எடுத்தது. தாய் பின்னாலிருந்து பிள்ளையின் ஜாக்கெட்டை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

பக்கவாட்டில் ஓர் அலை அடித்தது. படகு சரிந்து நிமிர்ந்தது. தாயின் கையில் ஜாக்கெட் மட்டும் இருந்தது. உள்ளே பிள்ளை இல்லை.

அவள் கையிலிருந்த ஜாக்கெட்டையே பார்த்தாள்.

நான் குதித்தேன். முதல் முறை அமிழ்ந்தபோது ஒன்றும் அகப்படவில்லை. இரண்டாம் முறை விரல்களில் தலைமுடி பட்டது. பிடித்து மேலே கொண்டுவந்தேன். படகோ காற்றோடு எங்களை விட்டுப் போய்க்கொண்டிருந்தது. ஒரு கையில் பிள்ளையோடு அதைத் துரத்தி நீந்தினேன். எனக்கு மூச்சு முடிந்துகொண்டு வந்தது. இனி ஏலாது என்று நினைத்த நேரத்தில், நீந்தவே தெரியாத அந்த மனிதர் விளிம்பில் குப்புறப் படுத்து, நாங்கள் ஆழம் குறைந்த இடத்தில் படகு தள்ளுகிற கோலை நீட்டினார். அவர் இடுப்புவரை வெளியே தொங்கினார். மனைவி அவருடைய கால்களின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தாள். கோலின் நுனி என் கைக்கு வந்தது.

பிள்ளை உப்புத் தண்ணீரைக் கக்கி, இருமி, பிறகு அழுதது. அந்த அழுகைச் சத்தம்போல ஒன்றை நான் அதற்கு முன்பும் கேட்டதில்லை, பின்பும் கேட்டதில்லை.

அதன்பின் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் மிதந்தோம். மாறி மாறித் தண்ணீர் இறைத்தோம். தீவு ஒரு கல் அளவுக்குச் சிறுத்துப்போனது. யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நல்லது என்று இருந்தது.

கிண்ணியாப் பக்கத்து மீன்பிடிப் படகொன்று வலையோடு ஆழ்கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது. அதில் இருந்த இரண்டு பேர் நான் சட்டையைக் கழற்றிச் சுழற்றியதைக் கண்டு திரும்பி வந்தார்கள்.

“புள்ளைய முதல்ல இஞ்சால தாங்க” என்றார் மூத்தவர். தான் மாற்றி உடுத்த வைத்திருந்த காய்ந்த சாரத்தால் பிள்ளையைச் சுற்றிவிட்டு, பிளாஸ்கிலிருந்த பிளேன்டீயை மூடியில் ஊற்றித் தாயிடம் கொடுத்தார். எங்கள் படகைக் கயிற்றில் கட்டினார்கள். கட்டும்போது அவர் எங்கள் படகில் நின்ற தண்ணீருக்குள் கிடந்த ஒரு ஜாக்கெட்டை எடுத்தார். முடிச்சைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். அதைக் கிடந்த இடத்திலேயே வைத்துவிட்டார்.

எதிர்காற்றில் எங்களை இழுத்துவந்து கரைக்குக் கிட்ட விட்டுவிட்டு, அவர்கள் இறங்காமலே திரும்பினார்கள். அன்றைய தொழில் அவர்களுக்குப் போய்விட்டது. பெயரைக் கேட்டேன். “பேரொண்டும் வேணாம் தம்பி, புள்ளைய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு காட்டுங்க” என்ற குரல் மட்டும் காற்றில் வந்தது.

கரையில் மற்றப் படகோட்டிகள் கூடி நின்றார்கள். என் தங்கையின் கணவர்தான் எங்கள் சங்கத்துக்குப் பொறுப்பு. அவர் என்னைத் தனியே கூட்டிக்கொண்டு போனார்.

“மச்சான், உயிருக்கு ஒண்டும் இல்லைத்தானே. நாலு வருசத்துக்குப் பிறகு இப்பதான் சனம் வருது. இந்தக் கதை வெளியில போனால் எல்லாற்ற வயித்திலயும் மண். அவையிட்டப் பதமாக் கதை.”

நான் ஓம் என்றேன். பயத்தில் சொன்ன ஓம் இல்லை அது. எனக்கும் அந்தச் சீசன் வேண்டியிருந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போகுமுன் உடுப்பு மாற்ற அவர்கள் தங்கள் அறைக்கு வந்திருந்தார்கள். அங்கே போய், வாசலில் நின்றபடியே, இதை யாரிடமும் சொல்லவேண்டாம் என்று அந்த ஆசிரியரிடம் கேட்டேன். பிள்ளையைக் காப்பாற்றியவன் என்ற நன்றியில் அவர் உடனே தலையாட்டினார். கடலுக்குள்ளேயும் கரையிலேயும் என்னோடு ஒரு வார்த்தை பேசாத அவருடைய மனைவி அப்போது வாய் திறந்தாள்.

“நாளைக்கும் அந்த ஜாக்கெட்ட போட்டுத்தான் ஆள் ஏத்துவீங்களா?”

திரும்பி வந்துவிட்டேன்.

பிள்ளையை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போன ஆட்டோக்காரர் பிறகு சொன்னார்: கரையில் குளிக்கும்போது வழுக்கி விழுந்துவிட்டதென்று அந்த மனிதர் டாக்டரிடம் சொன்னாராம். எனக்காகப் பொய் சொல்லியிருக்கிறார்.

என் மனைவியிடம் என்னால் மறைக்க முடியவில்லை. அவள் மறுநாள் காலையில் எங்கள் ஜாக்கெட்டுகளை வீட்டு வளவின் மூலையில் போட்டு எரித்தாள். கரும்புகை வெகுநேரம் நின்றது. நான் படகை எடுக்கவில்லை, மறுபடி கல் சுமக்கப் போனேன். ஆனால் மற்றவர்களின் படகுகள் ஓடின. அவர்களுடைய ஜாக்கெட்டுகளும் நாலு வருடம் கூரைக்குக் கீழே கிடந்தவைதான். எந்தப் படகில் எது இற்றுப்போயிருக்கிறது என்று எனக்குத் தெரியும். சங்கக் கூட்டத்தில் ஒருதரம் மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். “உனக்குப் பயமெண்டால் நீ ஓடாதை” என்றார்கள். நான் உட்கார்ந்துவிட்டேன். அதற்கு மேல் ஒன்றும் செய்யவில்லை.

சீசன் முடியச் சில நாட்கள் இருக்கும்போது வேலைத்தலத்தில் செய்தி கேட்டேன். வேறொரு படகு. எஞ்சின் நிற்கவில்லை, புயலும் இல்லை. தீவுக்குக் கிட்ட அலையில் சரிந்து ஆட்கள் விழுந்திருக்கிறார்கள். ஒருவரைத் தவிர எல்லோரையும் எடுத்துவிட்டார்கள். அந்த ஒருவர் கலியாணம் முடித்துச் சில வாரங்களேயான இளைஞர். அவருடைய ஜாக்கெட்டின் பட்டி அறுந்துவிட்டதாம்.

சீமெந்துக் கையோடு நகரத்து ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். பிரேத அறைக்கு வெளியே வாங்கில் அவருடைய மனைவி உட்கார்ந்திருந்தாள். யாரோ கொடுத்த சட்டையைப் போட்டிருந்தாள். தண்ணீருக்குள் மீன் பார்ப்பதற்காகக் கொடுக்கிற கண்ணாடி இன்னும் அவள் கழுத்தில் தொங்கியது. அதைக் கழற்றவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. கிட்டப் போய் ஏதாவது சொல்ல நினைத்தேன். என்ன சொல்வது? இது நடக்கும் என்று எனக்கு ஆடி மாதமே தெரியும் என்றா?

அங்கிருந்து நேரே அதிகாரிகளிடம் போனேன். என் படகில் நடந்ததைச் சொன்னேன். தீவின் பின்பக்கம், வெட்டிய கயிறு, பிள்ளை, நான் கேட்டுக்கொண்ட பொய், எல்லாவற்றையும் சொன்னேன். எழுதி எடுத்தார்கள். படகுகளை நிறுத்திச் சோதித்தார்கள். மிச்சமிருந்த நாட்களும் கரை வெறிச்சோடியது. அதற்காகச் சிலர் இன்றைக்கும் என்னோடு பேசுவதில்லை. மச்சான் எங்கள் வீட்டுப் படி ஏறுவதில்லை, தங்கையையும் விடுவதில்லை. அவரை நான் குறை சொல்லவில்லை. அவர் சொன்னதை அன்று முழு மனதோடு ஏற்றுக்கொண்டவன் நான்.

படகைக் கொடுத்துவிட்டு இப்போது ஆட்டோ ஓட்டுகிறேன். பஸ் நிலையத்திலிருந்து நிலாவெளிக்கு ஆட்களைக் கொண்டுபோகிறேன். உப்புவெளியில் அறைகள் நிரம்பியிருக்கின்றன, புதிதாக மாடிகள் எழும்புகின்றன. பல படகுகளில் புது ஜாக்கெட்டுகள் வந்துவிட்டன. எல்லாப் படகிலும் இல்லை. ஏறுகிறவர்களிடம் பட்டியை இழுத்துப் பார்த்துவிட்டு ஏறுங்கள் என்று சொல்லித்தான் இறக்கிவிடுவேன். சிலர் சிரிப்பார்கள்.

“கொரோனாவுக்குப் பிறகு உங்கட ஊர் எழும்பிட்டுது போல” என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். ஓம் என்பேன். அதற்கு மேல் கதைக்க மனம் வராது. நாலு வருடம் அரைவயிற்றோடு கிடந்தபோது நான் ஒருவருக்கும் தீங்கு செய்யவில்லை. நல்ல காலம் திரும்பி வருகிறது என்ற ஆசை பிடித்த பிறகுதான் செய்தேன் என்பதை நினைக்கும்போது, இன்றைக்கும் எனக்கு என்னைக் கண்டே பயமாக இருக்கிறது.