மண்டபத்துக்கும் வீட்டுக்கும் ஒரே தண்ணி வரியா?

பாலக்கோட்டுக்குப் பக்கத்துப் பேரூராட்சி ஒன்றில் சோபனா வார்டு கவுன்சிலர். கடைவீதியில் தையல்கடையும் வைத்திருக்கிறாள். அந்த வாரம் அவளுக்குத் தையல் ஓடவில்லை. ஒரே ஜாக்கெட்டைத் தைப்பதும் பிரிப்பதுமாக இருந்தாள்.

வெள்ளிக்கிழமை மன்றக் கூட்டம். குடிநீர்க் கட்டணத்தை எல்லா இணைப்புக்கும் ஒரேமாதிரி உயர்த்தத் தீர்மானம் வருகிறது. மோட்டார் ஓடுகிற கரண்டுக்கே வசூல் பற்றவில்லை என்று செயல் அலுவலர் சொல்லிவிட்டார். அது பொய்யில்லை. ஆனால் தண்ணி வரி ஏறாது என்று வீடு வீடாகச் சொல்லி ஓட்டுக் கேட்டவள் அவள்தான்.

இருப்புக்கொள்ளாமல் கடையைப் பூட்டிவிட்டு வார்டுக்குள் நடந்தாள். முகூர்த்த நாள். கணவனின் அண்ணன் சென்னப்பனுடைய கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவிய தண்ணீர் சாக்கடை வழிந்து கீழ்த்தெருவில் தேங்கியிருந்தது. அங்கே மூதாட்டி சின்னம்மாள் தன் வீட்டுக் குழாயடியில் குடத்தை வைத்துக் காத்திருந்தாள்.

“பாரும்மா, நூலாட்டம் வருது. அந்த மண்டபத்துக்கும் எங்க வூட்டுக்கும் ஒரே வரியா? அவங்க கழுவி வுட்டதும் எங்க வாசல்லதான் நிக்குது.”

சோபனா தேங்கிய தண்ணீரைத் தாண்டி வீட்டுக்குத் திரும்பினாள். சாப்பிடும்போது கணவன் பிரபாகரிடம் சொன்னாள். “மண்டபம், ஓட்டலுக்கெல்லாம் மீட்டர் வெக்கச் சொல்லப் போறேன்.”

“அண்ணன் மூஞ்சில நான் எப்படி முழிக்கறது?”

“கீழ்த்தெரு பக்கம் நான் எப்படிப் போறது?”

பிரபாகர் பாதிச் சோற்றில் எழுந்து போய்விட்டான்.

கூட்டத்தில் அவள் எழுந்து நின்றாள். “வூடுங்களுக்குக் கொஞ்சமா ஏத்துங்க. மண்டபம், ஓட்டலுக்கு மீட்டர் வெச்சு, எடுக்கற தண்ணிக்குத் தக்கன வாங்குங்க. கழிவுநீருக்கும் தனியா கட்டட்டும்.”

“உங்க வூட்டுக்காரரோட அண்ணன் மண்டபமும் அதுல வருதுங்களே?” என்றார் ஒரு கவுன்சிலர்.

“வருதுங்க.”

எல்லாரும் வெகுநேரம் சத்தம் போட்ட பிறகு, அவள் சொன்ன திருத்தத்தோடு தீர்மானம் நிறைவேறியது.

மீட்டர் மாட்டிய அன்று சென்னப்பன் தையல்கடை வாசலில் வண்டியை நிறுத்தினார். இறங்கவில்லை. “நல்லா பண்ணிட்டம்மா,” என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினார். அதன்பிறகு அவர் வீட்டு விசேஷங்களுக்குப் பிரபாகருக்கு மட்டுமே போன் வந்தது. அவன் தனியாகப் போய்வந்தான்.

சின்னம்மாளும் விடவில்லை. “ஏறாதுன்னியே, எனக்கும் ஏத்திட்டாங்களே?”

“ஏத்திட்டோம் ஆத்தா. நானும்தான் கை தூக்குனேன்.”

சின்னம்மாள் அவளை முறைத்தாள். “சரி, சாக்கடைய எப்ப எடுப்பாங்க?”

“கேட்டுட்டு வர்றேன் ஆத்தா,” என்றாள் சோபனா. அங்கிருந்தே நேராகப் பேரூராட்சி அலுவலகத்துக்கு நடந்தாள்.