ரிஜிஸ்தரில் இருந்த வயது

எங்கள் வகுப்பில் இருந்த பத்தொன்பது பெண்களும் ஜூலை மாதம் முதல் தேதி பிறந்தவர்கள். மற்ற வகுப்புப் பெண்களும் அப்படித்தான். பிள்ளையைச் சேர்க்க வருகிறவர்கள் ஆடிப்பெருக்குக்கு மறுநாள் பிறந்தது என்றோ, மாமியார் செத்த வருஷம் பிறந்தது என்றோ சொல்லுவார்கள். பெரிய டீச்சர் அதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஜூலை முதல் தேதி என்று எழுதிக்கொள்வார். வருஷத்தைத் தீர்மானிப்பது பிள்ளையின் கை. வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொட வேண்டும். தொட்டுவிட்டால் ஐந்து வயது முடிந்ததாகக் கணக்கு. தலையைக் கொஞ்சம் சாய்த்தால் எந்தக் கைக்கும் காது எட்டும் என்பது பெற்றவர்களுக்கும் தெரியும், டீச்சருக்கும் தெரியும்.

என் அக்காளுக்கு நான்கு வயது முடியும் முன்பே கை எட்டிவிட்டது. பள்ளிக்கூடம் அப்போதுதான் தொடங்கியிருந்தது. இருபது பெண்கள் சேராவிட்டால் மூடிவிடுவார்கள் என்று பெரிய டீச்சர் வீடு வீடாக ஏறி இறங்கினாராம். அக்காள் வயதுக்கு மீறிய உயரம். டீச்சர் ஆறு என்று எழுதிக்கொண்டார். ரெண்டு வருசம் கூடப் போனால் என்ன, சீக்கிரம் படித்து முடிக்கட்டும் என்று அப்பா சிரித்தாராம். இந்தக் கதையை அம்மா என்னிடம் சொன்னது எல்லாம் முடிந்த பிறகுதான். முன்பே சொல்லியிருந்தால் என்று நினைக்காத நாள் இல்லை. ஆனால் ஒரு தாய் இதையெல்லாம் எதற்காகச் சொல்லப்போகிறாள்?

எங்கள் ஊர் சின்னமனூருக்கும் குச்சனூருக்கும் இடையில் இருக்கிறது. அப்பாவுக்கு வெற்றிலைக் கொடிக்கால். அம்மா போடியிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். நான் நான்காம் வகுப்பு படித்த வருஷம், போடியில் இருந்த மாமனின் மனைவி ஒரு கைக்குழந்தையை விட்டுவிட்டு இறந்துபோனார். மாமன் ஏலக்காய்க் கிடங்கில் வேலை பார்த்தார். நல்ல மனிதர். எங்கள் வீட்டுக்கு வந்தால் சட்டைப் பையைத் தட்டிக் காட்டி எங்கள் கையில் ஏலக்காய் உதிர்ப்பார். அவர் சாதகத்தில் சனி சரியில்லை என்று அம்மா சனிக்கிழமைதோறும் குச்சனூருக்கு நடந்து போய் எள் விளக்குப் போட்டுவிட்டு வருவாள். குழந்தைக்குப் பாலாடையில் ஆட்டுப்பால் புகட்டுகிறார்கள் என்று சொல்லிச் சொல்லி அழுவாள். வேற்று ஆள் ஒருத்தி வந்தால் அந்தப் பிள்ளையைப் பார்ப்பாளா என்று கேட்பாள். அதற்கு ஒரே ஒரு பதில்தான் இருந்தது என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். அக்காள் வயதுக்கு வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. பரீட்சை வரைக்கும் அனுப்புங்கள் என்று பெரிய டீச்சர் கெஞ்சிக் கேட்டதால் பள்ளிக்கூடத்துக்கு வந்துகொண்டிருந்தாள். எட்டாவது தேறிவிட்டால் டீச்சர் வேலைக்கு மதுரையில் படிக்கலாம் என்று அவள் விசாரித்து வைத்திருந்தாள்.

அந்த வருஷம்தான் சட்டத்தம்மாக்கள் வந்தார்கள். மதுரையில் ஏதோ மாதர் சங்கத்தைச் சேர்ந்த தொண்டர்கள். ஒருவர் நரைத்தவர், ஒருவர் சின்னவர், இருவரும் கதர்ப் புடவை. சனிக்கிழமைகளில் சின்னமனூரில் பஸ் இறங்கி, வெயிலில் வரப்போடு நடந்து வந்து, பெரிய பெண்களை உட்கார வைத்துச் சட்டம் சொல்லிக் கொடுத்தார்கள். சம்பளம் கிடையாது. எங்கள் வீட்டில் அம்மா குச்சனூர் போயிருக்கும் நேரம் அது. அக்காள் போக, அவள் பின்னால் நானும் போவேன்.

படித்துப் பார்க்காத காகிதத்தில் கைநாட்டு வைக்கக் கூடாது. போலீஸ்காரர் பிடித்தால் எதற்காக என்று கேட்கலாம். பதினாலு முடியாத பெண்ணுக்குக் கல்யாணம் கூடாது. முன்கூட்டியே மனுப் போட்டால் மாஜிஸ்திரேட் தடை உத்தரவு போடுவார். இவற்றை எங்களைச் சேர்ந்தாற்போலச் சொல்லவைத்தார்கள். எங்களுக்கு வாய்ப்பாட்டு ராகம் ஒன்றுதான் தெரியும் என்பதால் சட்டத்தையும் அதே ராகத்தில் சொன்னோம். பாண்டி ஆடும்போது கட்டத்துக்குக் கட்டம் தாவிக்கொண்டு, பதினாலு முடியாத பெண்ணுக்கு என்று நான் பாட, அம்மா கேட்டுவிட்டாள்.

"வயசுக்கு வந்த புள்ளைக்கு என்னத்தா வயசு பாக்குறது? யாரு சொல்லிக் குடுத்தாக இத?" என்றாள். கோபமாகக்கூட இல்லை. அடுப்பில் வேலை இருந்தது, உள்ளே போய்விட்டாள்.

கல்யாணத்துக்கு நாள் குறித்த வாரத்தில், கொடிக்காலுக்குக் கஞ்சி கொண்டுபோகும் வழியில் அக்காள் என்னை நிறுத்தினாள்.

"சனிக்கிழமை அவுககிட்ட நீ சொல்லு."

"என்னத்த?"

"எனக்குப் பன்னெண்டுதான்னு. நானாப் போய்ச் சொன்னா மாமன வேணாமின்னு சொன்னதா ஆயிரும். நீ சின்னப் புள்ள. ஒளறிட்டன்னு விட்டுருவாக."

அந்த வயதில் அக்காள் அவ்வளவு யோசித்திருந்தாள்.

நான் சொன்னேன். வகுப்பு முடிந்ததும் எழுந்து நின்று, பாடம் ஒப்பிப்பதுபோலச் சொன்னேன். நரைத்த அம்மா மற்ற பெண்களை அனுப்பிவிட்டு அக்காளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். வயது கேட்டார். கல்யாணத்தில் விருப்பமா என்று கேட்டார். அக்காள் பன்னிரண்டு என்றாள், இல்லை என்றாள். இரண்டையும் ஒரே குரலில் சொன்னாள். சின்ன அம்மா நோட்டில் அப்பாவின் பெயரையும் அம்மாவின் பிறந்த ஊரையும் எழுதிக்கொண்டார். தலைச்சன் பிள்ளை என்பதால் அக்காள் போடியில்தான் பிறந்திருப்பாள். அங்கே முனிசிபல் ஆபீசில் பிறப்புப் பதிவு இருக்கும். நகல் எடுத்துப் பெரியகுளம் மாஜிஸ்திரேட்டிடம் மனுப் போட வேண்டும். கல்யாணத்துக்குப் பதினோரு நாள் இருந்தது. நகல் கிடைக்க எத்தனை நாள் ஆகுமோ என்று அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டிருந்தார்கள்.

எனக்கு அவர்கள் படும் கஷ்டம் பொறுக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் எழுதியிருப்பது எதுவும் தப்பாக இருக்கும் என்று நான் நினைத்ததே கிடையாது. பலகையில் டீச்சர் எழுதினால் அது சரி. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

"போடிக்கு எதுக்கும்மா? இங்கனயே ரிஜிஸ்தர்ல இருக்குமே" என்றேன்.

நரைத்த அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. கெட்டிக்காரி என்று என் கன்னத்தைத் தொட்டார். பெரிய டீச்சர் அலமாரியைத் திறந்து ரிஜிஸ்தரை எடுத்து வர வெகு நேரம் ஆயிற்று. மூவரும் குனிந்து பார்த்தார்கள். ரிஜிஸ்தர்படி அக்காளுக்குப் பதினாலு முடிந்து சில மாதங்கள் ஆகியிருந்தன.

சின்ன அம்மா நிமிர்ந்து, இது சரிதானா என்று பெரிய டீச்சரைக் கேட்டார். அக்காளும் பெரிய டீச்சரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவரைப் போலத்தான் அவள் கொண்டை போடுவாள்.

"ரிஜிஸ்தர்ல என்ன இருக்கோ, அதுதாம்மா" என்றார் பெரிய டீச்சர். ரிஜிஸ்தரின் அட்டையைத் துடைத்துக்கொண்டே சொன்னார். ஒரு வயது தப்பு என்றால் மற்றவற்றையும் இன்ஸ்பெக்டர் கேட்பார், பள்ளிக்கூடம் போய்விடும் என்று பயந்திருப்பார். அவரையும் நான் இப்போது திட்ட முடியவில்லை. அந்தப் பள்ளிக்கூடத்தில்தானே நானும் எழுதப் படித்தேன்.

நரைத்த அம்மா அக்காளின் தலையைத் தடவினார். "சட்டத்துக்கிட்டப் போறவங்க பொய் சொல்லக் கூடாது கண்ணு. பொய் சொன்னா நாளைக்கு உண்மையாக் கஷ்டப்படுற பெண்ணைக்கூட யாரும் நம்ப மாட்டாங்க" என்றார். அன்பாகத்தான் சொன்னார்.

"நான் பொய் சொல்லலம்மா" என்றாள் அக்காள். ஒரு தடவைதான் சொன்னாள்.

வீட்டுக்கு வரும் வழியில் அவள் என்னைத் திட்டவில்லை, அடிக்கவில்லை. உனக்கு எத்தனை வயசுன்னு அதில் எழுதியிருக்கு, பாத்தியா என்று மட்டும் கேட்டாள். பார்க்கவில்லை என்றேன். பாத்து வச்சுக்க என்றாள். அதற்குப் பிறகு அவள் சனிக்கிழமை வகுப்புக்கு வரவில்லை. பள்ளிக்கூடத்துக்கே வரவில்லை.

விஷயம் திங்கட்கிழமையே வீட்டுக்கு வந்துவிட்டது. அப்பா கொடிக்காலுக்குப் போய்விட்டார். அந்தப் பச்சப்புள்ள உங்களுக்கு என்ன பாவம் செஞ்சுச்சு என்று அம்மா எங்கள் இருவரையும் பார்த்து அழுதாள். மாமன் மட்டும் விழுந்து விழுந்து சிரித்தார்.

"ஏ சின்ன மருமகளே, என் மேல கேசு போடப் பாத்தியாமே? ஒன்னைய வக்கீலுக்குப் படிக்க வச்சிர வேண்டியதுதான்" என்று என் கையில் ஏலக்காய் உதிர்த்தார். நானும் சிரித்தேன். அக்காள் உள்ளே உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தின் சத்தம் நிற்கவே இல்லை.

அக்காள் அதற்குப் பிறகு இரண்டு வருஷம்கூட இருக்கவில்லை. தலைப்பிரசவத்தில் போய்விட்டாள், பிள்ளையும் தங்கவில்லை. அவள் வளர்த்த குழந்தைக்கு அப்போது இரண்டரை வயது. அவளைத் தேடி வீடெல்லாம் போய்ப் பார்த்தது என்று சொன்னார்கள்.

என் மகளுக்கு இப்போது மூன்று வயது. அவள் பிறந்தபோது பிறப்புப் பதிவின் நகல் இரண்டு வாங்கினேன். ஒன்று செல்லரித்தால் இன்னொன்று இருக்கட்டும் என்று வேறு வேறு பெட்டியில் வைத்திருக்கிறேன். மாதம் ஒருமுறையாவது எடுத்துப் பார்க்கிறேன். நீ சொல்லாவிட்டாலும் அவர்களே ரிஜிஸ்தரைக் கேட்டிருப்பார்கள், சிறுபிள்ளை செய்ததற்கு இத்தனை வருஷம் மனதைப் போட்டு வருத்திக்கொள்ளலாமா என்கிறார் என் கணவர். இருக்கலாம். கேட்டிருக்கலாம், கேட்காமலும் இருந்திருக்கலாம். ஆனால் கல்யாணத்தன்று நடந்ததை அவரிடம்கூட நான் சொன்னதில்லை. அதற்கு இப்படிச் சமாதானம் சொல்ல முடியாது.

முகூர்த்தம் விடிவதற்கு முன்னால். பொழுது ஏறிய பிறகு, முதல் பந்தி நடந்துகொண்டிருந்தபோது, சின்ன அம்மா தனியாக வந்தார். புடவையெல்லாம் புழுதி. போடியிலிருந்து வருவதாகச் சொன்னார். அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். சட்டத்தம்மாவே வாழ்த்த வந்திருக்காக பாருங்க என்று வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு இலை போடச் சொன்னாள். அவர் பந்தலில் எரிந்து முடிந்திருந்த ஓமக் கற்களைப் பார்த்துக்கொண்டு சற்று நேரம் நின்றார். பிறகு என்னை மாட்டுக்கொட்டத்துப் பக்கம் அழைத்துப் போனார்.

பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துக் காட்டினார். முத்திரை குத்தியிருந்தது. அக்காளின் பெயர் அதில் இல்லை. அப்பாவின் பெயர், 'பெண்' என்று ஒரு சொல், ஒரு தேதி. தேதியை நான் உரக்கப் படித்தேன். கூட்டிப் பார், எத்தனை வயது என்றார். பன்னிரண்டு என்றேன். எனக்குக் கணக்கு நன்றாக வரும்.

இனி வழக்குப் போட்டால் உன் அப்பாவையும் மாமாவையும் தண்டிப்பார்கள், கட்டிய தாலியை அவிழ்க்கச் சட்டத்தில் இடமில்லை என்று அவர் தனக்குத்தானே சொல்வதுபோலச் சொன்னார். காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். பிறகு என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"உங்க அக்கா பொய் சொல்லலைன்னு அவகிட்டச் சொல்லணும். நாங்கதான் தப்பா நெனச்சுட்டோம்னு சொல்லணும். என்னால அவ முகத்தைப் பாக்க முடியாது. நீ சொல்லிடுவியா?"

தலையை ஆட்டினேன். அவர் சாப்பிடாமல், யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் வரப்பில் இறங்கி நடந்து போய்விட்டார்.

நான் உள்ளே போனேன். அக்காள் பெண்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள். மாமனின் குழந்தையை அவள் மடியில் வைத்திருந்தார்கள். அது புதுப்புடவையின் சரிகையை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தது. பொய் சொல்லவில்லை என்பது அக்காளுக்கே தெரியுமே, தெரிந்ததை அவளிடமே போய் எதற்குச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. வெளியே அடுத்த பந்திக்கு இலை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அக்காள் என்னைக் கண்டதும் நிமிர்ந்தாள்.

"அவுக எதுக்கு வந்தாக?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"சாப்பிட வந்தாக" என்றேன்.

அக்காள் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள். கல்யாணப் பெண் அப்படித்தான் குனிந்திருக்க வேண்டும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, நான் பந்திக்கு ஓடினேன்.