"தேன் இல்லை" என்று எழுதிய பாட்டில்

அந்தக் குடியிருப்பில் திருட்டுத்தனமாகத் தேனீ வளர்ப்பது யார் என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. தேனீயைத்தான் யாரும் பார்க்கவில்லை. மொட்டைமாடி ஒற்றை அறையில் இருக்கும் தோலக்காதான் என்று வாய்க்கு வாய் பேச்சு. ஒரு நாள் கீழ்வீட்டுத் தையல்காரரின் மூக்கு கத்தரிக்காயாக வீங்கியதும் பேச்சு உறுதியாகிவிட்டது. கடித்தது எது என்று மூக்கிடம் யாரும் கேட்கவில்லை.

கேட்கக் கிளம்பியவர் குடியிருப்புச் சங்கச் செயலாளர். ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலை அவரை விட்டது, பரிசோதனை விடவில்லை. மனைவி காபி நீட்டினால்கூட டம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். "ஓட்டை போட்டுட்டுத் திருப்பிக் குடுங்களேன்" என்பார் அந்த அம்மாள்.

தோலக்கா பழச்சாறு கடையில் பழம் நறுக்குகிறவள். சாறு கடைக்கு, தோலும் நடுத்துண்டும் அவளுக்கு. தினமும் பை நிறைய ஆப்பிள் தோல் சுமந்து வந்ததில் ஒட்டிய பெயர் அது. தோலை வேகவைத்து வடிகட்டி, அந்தத் தண்ணீரில் வேலியோரம் தானாக முளைத்துக் கிடக்கும் மஞ்சள் பூவின் இதழை ஊறவைத்து, சர்க்கரையும் எலுமிச்சையும் சேர்த்துப் பாகாகக் காய்ச்சுவாள். பாட்டிலில் ஊற்றி, "தேன் இல்லை" என்று கொட்டை எழுத்தில் ஒட்டி, அக்கம்பக்கத்தில் விற்பாள்.

அந்தக் கொட்டை எழுத்துதான் பரிசோதகரை உறுத்தியது.

சோதனைக்கென்று ஒரு பாட்டிலை எடுத்துப்போனார். ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டார். கரையாமல் நேரே அடியில் போய் உட்கார்ந்தது. விரலில் தொட்டு நக்கினார். இன்னொரு தடவை நக்கினார். பாதி பாட்டில் காலியான பிறகு சந்தேகமே இல்லை: தேனேதான்.

"ஏம்மா, கூடு எங்க இருக்கு?"

"எந்தக் கூடு சார்? தேன் இல்லைன்னு எழுதியே ஒட்டியிருக்கேன்."

"டிக்கெட் இல்லாமலே இருக்குன்னு சாதிச்சவங்கள ஆயிரம் பேர் பாத்திருக்கேன். வச்சுக்கிட்டே இல்லைங்கிற ஆளை இப்பத்தான் பாக்கறேன்."

சங்க விதிப்படி உயிர்ப்பிராணி வளர்த்தால் அறையைக் காலி செய்ய வேண்டும். அறை போனால் அடுப்பும் போச்சு, பாதிப் பிழைப்பும் போச்சு. "உங்க கண்ணு முன்னாடியே காய்ச்சிக் காட்டறேன்" என்றாள் தோலக்கா.

ஞாயிற்றுக்கிழமை அவளும் பரிசோதகரும் வேலியோரம் குனிந்து பூப் பறித்தார்கள். இரண்டு கூடை நிறைந்தது. "இதழ மட்டும் கிள்ளிப் போடுங்க சார். அடியில இருக்கிற பச்சை சேரக் கூடாது" என்றாள்.

பரிசோதகரின் காது நிமிர்ந்தது. எதைத் திறக்காதே என்கிறார்களோ, அந்தக் கழிப்பறைக்குள்தான் டிக்கெட் இல்லாதவன் நிற்பான். முப்பது வருஷ அனுபவம். சூட்சுமம் பச்சையில்தான் இருக்கிறது. அவள் திரும்பிய நேரம் பார்த்து, பச்சையை எல்லாம் அள்ளிப் பாத்திரத்தில் போட்டார்.

மறுநாள் பாகு காய்ந்து இறங்கியதும் தையல்காரர்தான் முதலில் வாயில் வைத்தார். வீங்கிய மூக்கோடு முகமும் கோணியது.

"கசாயம்! அக்கா, நீ விக்கிறது இது இல்ல."

"பாத்தியா?" என்றார் பரிசோதகர். "இதான் நீ காய்ச்சறது. விக்கிறது கூட்டுல இருந்து எடுத்த தேன். சாமானை எடுத்துவைம்மா."

தோலக்கா ஒரு துளி தொட்டுப் பார்த்தாள். வடிகட்டிய துணியை எல்லோர் முன்னாலும் பிரித்து வைத்தாள். கத்தை கத்தையாகப் பச்சை. எட்டிப் பார்த்த பரிசோதகரின் மனைவி கணவரின் கையைப் பிடித்துத் திருப்பினார். நகக்கண்ணெல்லாம் பச்சைக் கறை.

"ஏங்க, இது யாரு போட்டது?"

பரிசோதகர் தொண்டையைக் கனைத்தார். ரயில் பெட்டிக்குள் டிக்கெட் இல்லாமல் மாட்டிக்கொண்டவர்கள் எப்படிக் கனைப்பார்கள் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். அச்சு அசல் அப்படியே வந்தது.

"நான்தான். ஒரு... சோதனைக்கு."

"அப்ப நீங்களும் கூட்டா சார்?" என்றார் தையல்காரர். அவர் மூக்குக்கு யாராவது ஒரு குற்றவாளி வேண்டியிருந்தது.

அறை தப்பியது. தோலக்கா மட்டும் பரிசோதகரைப் படியிறங்க விடவில்லை. "ரெண்டு கூடைப் பூ வீணாச்சு சார். ஒரு கூடை இதழ் குடுத்துருங்க, போதும். பச்சை இல்லாம."

"நாளைக்கே" என்றார் பரிசோதகர்.

மறுநாளே உட்கார்ந்தும் விட்டார், வேலியோரம், கூடையோடு. நாலு இதழ் கிள்ளுவதற்குள் பூவில் ஒரு தேனீ வந்து அமர்கிறது. அது எங்கே போகிறது என்று பார்க்காமல் விட முடியுமா? எழுந்து பின்னாலேயே போகிறார். திரும்பி வருவதற்குள் இதழைக் காற்று கொண்டுபோய்விடுகிறது.

மாலையில் தோலக்கா மேலிருந்து எட்டிப் பார்க்கிறாள். "என்ன சார், ஆச்சா?"

"ஆயிட்டே இருக்கும்மா" என்கிறார், ஒரு கண்ணை அவளுடைய ஜன்னல்மேல் வைத்தபடி. கூடையின் அடி இன்னும் தெரிகிறது.